அரக்கு, ஊசி, குரல்
இசைத்தட்டின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

இசைத்தட்டு மீண்டும் வந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். பேச்சுக்கு ஆதாரமும் உண்டு. 2022ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனையான வினைல் தட்டுக்கள் ஏறத்தாழ 4 கோடியே 10 இலட்சம். அதே ஆண்டில் விற்ற இறுவட்டுக்கள் ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சம் மட்டுமே. எண்ணிக்கையில் தட்டு இறுவட்டை முந்தியது 1987ஆம் ஆண்டுக்குப் பின்னர் அதுவே முதற்றடவையாகும். இதனைப் பழமை மீது இளைஞர் கொண்ட மோகம் என ஒரு சாரார் விளக்குவர். கணினி இசையின் வறட்சிக்கு எதிரான கலகம் என மற்றொரு சாரார் விளக்குவர். இரு விளக்கங்களும் கடை வாசலோடு நின்றுவிடுகின்றன. ஒரு பண்டம் மீண்டும் சந்தைக்கு வருவது ஒன்று. அப்பண்டத்துள் உறைந்து கிடக்கும் வரலாறு எமது கைக்கு வருவது வேறொன்று. நாம் இங்கு எழுத விரும்புவது பின்னதைப் பற்றியே. அதற்கு எம்மை இட்டுச் சென்றது நூலகமன்று. ஒரு பற்றாசுக் கோலும், ஒரு கைப்பிடியளவு தடையிகளும் கொள்ளளவிகளுமே.

இசைத்தட்டின் கதையை எடிசனிடமிருந்து தொடங்குவது வழக்கம். 1877இல் அவர் தகரத்தாள் சுற்றிய உருளையிற் குரலைப் பதித்தார். 1887இல் எமில் பேர்லினர் உருளையைத் தட்டாக்கினார் என்று அக்கதை செல்லும். மேதைகளின் பெயர்களால் வரலாற்றை அளக்கும் முறை இது. அதனை விடுத்து, அத்தட்டு எதனாற் செய்யப்பட்டது என்று கேட்போமாயின் கதை வேறிடத்திலே தொடங்கும். பேர்லினர் முதலில் வன்மையான இறப்பரைக் கையாண்டார்; 1890களின் நடுப்பகுதிக்குப் பின்னர் ஷெல்லாக்குக்கு மாறினார். இந்த அந்நியப் பெயரோடு கப்பலேறிய பொருள் எமக்குப் புதியதன்று. அதுதான் அரக்கு. பாண்டவரை எரித்துக் கொல்லத் துரியோதனன் எடுப்பித்த மாளிகையின் அதே அரக்கு. பலாசு, குசும், இலந்தை முதலிய மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சியொன்று சுரக்கும் பிசின் அது. உலகச் சந்தைக்கு வேண்டிய அரக்கின் பெரும்பகுதி சோட்டா நாக்பூர்க் காடுகளிலிருந்து வந்தது. முண்டா, ஒறாவோன், சந்தால் முதலிய பழங்குடி மக்கள் கிளைகளை வெட்டிச் சுரண்டிச் சேர்த்த பிசின், தரகர் கைமாறி, ஆலைகளில் உருக்கப்பட்டு, கல்கத்தாத் துறைமுகத்தால் வெளியேறியது. 1924இல் ராஞ்சிக்கு அண்மையிலுள்ள நாம்கும் என்னுமிடத்தில் அரக்குக்கெனவே ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டதென்றால் அதன் வாணிக முக்கியத்துவத்தை ஊகித்துக்கொள்ளலாம். 1942இல் யுத்தம் முற்றியபோது ஐக்கிய அமெரிக்க அரசு தட்டு உற்பத்திக்கான அரக்கு நுகர்வை நூற்றுக்கு 70 வீதம் குறைக்கும்படி கட்டளையிட்டது. படைக்கலத் தொழிலுக்கும் அரக்கு வேண்டியிருந்தது.

78 சுற்றுத் தட்டில் அரக்கின் பங்கு ஐந்திலொன்று, நாலிலொன்று என்ற அளவினதே. எஞ்சியது கற்பொடி, புகைக்கரி, பஞ்சு நார் முதலியன. கற்பொடி சேர்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. உருக்கு ஊசியைத் தட்டு முதற் சில சுற்றுக்களிலேயே அராவித் தவாளிப்பின் வடிவுக்கு இசையச் செய்தல் வேண்டும். ஆகவே பக்கத்துக்கு ஓர் ஊசி. பழைய தட்டுக்களிலே மழை பெய்வது போலக் கேட்கும் இரைச்சல், உண்மையில் அக்கற்பொடியின் ஓசையே. உலகின் பேரிசைவாணர் பலரது குரல் ஐம்பதாண்டுக் காலம் ஒட்டிக் கிடந்தது காட்டு மக்கள் சேர்த்த பிசினில். தட்டின் முகப்பிலே பாடியவர் பெயர் உண்டு, கொம்பனியின் நாய்ச் சின்னமும் உண்டு. கிளை வெட்டியவர் பெயர் இல்லை.

கிறாமபோன் கொம்பனி 1898இல் இலண்டனில் அமைந்தது. நான்கே ஆண்டுகளில், 1902 நவம்பரில், அதன் பதிவாளர் பிரெட் கைஸ்பேர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். பதிவுகள் ஜேர்மனியின் ஹனோவர் நகருக்கு அனுப்பப்பட்டு, அங்கே தட்டுக்களாக அழுத்தப்பட்டு, விற்பனைக்காக மீண்டும் இந்தியா வந்தன. மூலப்பொருள் இங்கே, குரல் இங்கே, வாங்குபவனும் இங்கே. இலாபம் மட்டும் அங்கே. குடியேற்றப் பொருளாதாரத்தை மாணவருக்கு விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு எமக்குக் கிடைக்கவில்லை. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவிலும், 1928இல் டம்டம்மிலும் தொழிற்சாலை அமைந்த பின்னரும் உடைமை இலண்டனிடமே இருந்தது.

தென்னாட்டிலே முதன்முதல் தட்டுக்குப் பாடத் துணிந்தோருட் பெரும்பாலார் தேவதாசி மரபிற் பிறந்த பெண்களே. கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள் என்னும் பெயர்கள் இவ்விடத்து நினைக்கப்பட வேண்டியவை. மேற்சாதி வித்துவான்கள் பலர் தயங்கினர். கருவி குரலை உறிஞ்சிவிடும் என்ற அச்சம் ஒன்று. கடையிலே காசு கொடுத்தவன் எவனாயினும், அவன் என்ன சாதியினனாயினும், தம் பாட்டைக் கேட்டுவிடுவானே என்ற அச்சம் மற்றொன்று. இரண்டாவதே வலியது என்பது எமது கருத்து. கோயிலுள் நுழைய விடப்படாதவனும் தேநீர்க் கடைக்கு முன்னால் நின்று கீர்த்தனை கேட்கலாம் என்ற நிலையைத் தோற்றுவித்தது தட்டு. சமரச ஞானத்தால் அன்று, விற்பனை வேட்கையால், ஆயினும் தோற்றுவித்தது. பின்னர் சபாக்களின் காலம் வந்தது. இப்பெண்களின் கலை மதிக்கப்பட்டு, அப்பெண்கள் மேடையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். 1947இல் சென்னை மாகாணம் இயற்றிய தேவதாசி ஒழிப்புச் சட்டத்தை நாம் குறைகூற வரவில்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோரின் போராட்டம் மனித விடுதலைப் போராட்டமே. ஆனாற் கலையைப் பெற்றுக்கொண்டு கலைஞரைக் கைவிட்டவர்கள் வேறு. அவர்களை அச்சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள விடலாகாது. அத்தலைமுறையினர் பாடியதற்கு எஞ்சியுள்ள சான்று மூன்று நிமிடத் தட்டுக்களே.

மூன்று நிமிடம் என்பது சாதாரணச் செய்தியன்று. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் அதற்குமேற் கொள்ளாது. மணிக்கணக்கில் விரியும் ஆலாபனை ஒரு கீற்றாகச் சுருங்கியது. பாடுவோர் பெரிய தகரக் குழலொன்றின் வாய்க்குள் தலையை நீட்டிப் பாடினர்; குழலின் மறுமுனையிலுள்ள மென்றகடு ஊசியை அசைத்தது; இடையில் மின்சாரம் என்பதே இல்லை. ஏறத்தாழ 250 முதல் 2500 ஹேட்ஸ் வரையான மீடிறன்களே அக்குழல்வழி தேறின. 1925இல் ஒலிவாங்கியும் வால்வு விரியலாக்கியும் பதிவறைக்குள் நுழைந்தன. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீடுதோறும் அறியப்பட்டமைக்கு நாடக மேடையோடு இத்தட்டுக்களும் காரணம். இருவரும் 1920களில் நாடகம் நடிக்க இலங்கைக்கு வந்த வேளையிலேயே அறிமுகமாயினர் என்பது எம்மவர் மறந்துபோன செய்தி. கிட்டப்பா 1933இல், 27 வயதிலேயே மறைந்தார். அவர் பேசும் படம் எதிலும் தோன்றியவரல்லர். தட்டு இல்லையேல் எமக்குக் கிட்டப்பா இல்லை.

மின்சாரம் வந்ததும் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. எமது கட்டுரையின் மையம் அதுவே. ஆதலாற் சற்று விரித்துரைக்க வேண்டும். தாழ்ந்த சுருதியின் அலைவு அகன்றது. அதனை உள்ளவாறே வெட்டினால் ஊசி பக்கத்துத் தவாளிப்பினுட் பாய்ந்துவிடும். இல்லையேல் தவாளிப்புக்களை மிக விலக்கி வெட்ட வேண்டும், நேரம் குறையும். உயர்ந்த சுருதியின் அலைவோ மிக நுண்ணியது. தட்டின் இயல்பான இரைச்சலுள் அது மூழ்கிவிடும். இதற்குப் பொறியியலாளர் கண்ட வழி எளிமையானது, அழகானதுங்கூட. வெட்டும்போது தாழ்சுருதியைக் குறைத்து, உயர்சுருதியைக் கூட்டிவிடு; கேட்கும்போது அதே அளவிற் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொள். ஆகவே தட்டிலே பதிந்திருப்பது இசையன்று. திட்டமிட்டுத் திரிக்கப்பட்ட இசை. திரிபைத் திருத்தும் சூத்திரம் தட்டிலே எழுதப்படவில்லை. அது கேட்கும் கருவிக்குள், முன்விரியலாக்கி என்னும் சிறு சுற்றினுள் இருந்தது.

கொம்பனிகள் ஒவ்வொன்றும் தத்தமக்கென ஒரு திரிபைக் கையாண்டன. 1948 யூனில் கொலம்பியா 33⅓ சுற்று வினைல் நெட்டிசைத்தட்டை வெளியிட்டது, 1949இல் ஆர்.சி.ஏ. 45 சுற்றுத் தட்டோடு போட்டிக்கு இறங்கியது. வேகமும் வேறு, திரிபும் வேறு. சந்தைப் போட்டி நுகர்வோனுக்கு நன்மையே தரும் என்று போதிப்போர் அவ்வாண்டுகளின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று. இறுதியில் 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிற்றுறைச் சங்கம் ஒரே வளைகோட்டை விதித்தது, ஆர்.சி.ஏ. கையாண்ட முறையே அதன் அடிப்படை. காலப்போக்கிற் பிற நாடுகளும் அதனை ஏற்றன. அவ்வளைகோடு மூன்று எண்களில் அடங்கும்: 3180, 318, 75 மைக்கிரோ செக்கன். கண்ணிமைப்பையும் கைநொடிப்பையும் கொண்டு மாத்திரையை அளந்த இலக்கணத்திற் பயின்ற எமக்கு, செக்கனின் பத்து இலட்சத்தொரு கூறுகளைக் கொண்டு ஒரு நூற்றாண்டின் இசையை அளப்பது வியப்பாகவே இருந்தது. இதன்படி 1000 ஹேட்ஸை அளவுகோலாகக் கொண்டால், 20 ஹேட்ஸில் ஒலியை ஏறத்தாழ ஒன்பது மடங்கு உயர்த்தவும், 20,000 ஹேட்ஸிற் பத்திலொன்றாகத் தாழ்த்தவும் வேண்டும்.

இச்சூத்திரம் கொம்பனிகளின் இரகசியமாகவே இருந்திருக்கலாம். அவ்வாறு ஆகாமைக்கு ஒரு காரணம், வீட்டு மேசையில் வைத்துக் கருவி செய்தோரின் பெருங்கூட்டம். 1947இல் டி. ரி. என். வில்லியம்சன் என்னும் பிரித்தானிய எந்திரவியலாளர் தமது விரியலாக்கியின் சுற்றை 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையிற் பகிரங்கமாக வெளியிட்டார். 1949இல் இசைத்தட்டுக்கான முன்விரியலாக்கிச் சுற்றுக்களையும் அதே சஞ்சிகையில் விளக்கினார். யுத்தத்திலிருந்து மீண்ட வானொலித் தொழில்நுட்பர்கள், பாடசாலை மாணவர்கள், சிற்றூழியர்கள் எனப் பலர் உலகெங்கும் அதனைச் செய்தனர். மாளிகைகளிலுள்ள விலையுயர்ந்த பெட்டிகளைவிடச் சிறந்த ஒலி கூலி வீடுகளிலும் எழுந்தது. விஞ்ஞானம் பொதுவுடைமையாகும்போது நிகழ்வது என்ன என்பதற்கு இஃது ஒரு சிறு சான்று. எமது நாட்டிலும் அம்மரபு உண்டு. 1920களின் முற்பகுதியிற் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்திலே, பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கியொன்றின் வானொலி உறுப்புக்களைக் கொண்டு தந்திப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹாப்பரும் அவர் குழுவினரும் ஓர் ஒலிபரப்பி செய்து பரீட்சித்தனர். அவர்கள் வானில் ஏற்றியது கிறாமபோன் இசையையே. 1925 டிசெம்பரில் முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. 1990களில் மின்சாரமும் பற்றரியும் மறுக்கப்பட்ட யாழ்ப்பாணத்திலே சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள், தாம் அறியாமலே அக்குழுவினரின் வாரிசுகள்.

சோசலிச நாட்டு வாசகருக்கும் இவ்வரலாற்றில் ஓர் அத்தியாயம் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. யுத்தத்துக்குப் பிந்திய லெனின்கிராட்டில் தடைசெய்யப்பட்ட பாடல்களை, வைத்தியசாலைகள் கழித்த எக்ஸ்கதிர்ப் படங்களில், வீட்டிலே செய்த வெட்டுக் கருவிகளால் இளைஞர் பதித்து விற்றனர். விலா எலும்புகளின் நிழல்மீது தவாளிப்பு ஓடியது. பிடிபட்டோர் சிறை சென்றனர். மக்களின் செவியை நம்பாத அரசு எந்தக் கொடியின்கீழ் நின்றாலும் அரசே.

1982இல் இறுவட்டு வந்தது. பின்னர் வந்த விரியலாக்கிகள் பலவற்றிலே தட்டுக்கான உள்வாயை உற்பத்தியாளர் நீக்கினர். இன்று எம்மவர் வீட்டுப் பரண்களிற் கிடக்கும் தட்டுக்கள் ஊமையானமைக்கு ஊசியின்மை மட்டும் காரணமன்று. திரிபைத் திருத்தும் சுற்று இல்லாமையும் காரணம். பழைய றெக்கோட் பிளேயரைக் கணினியில் நேரே தொடுத்தால் தகரத்துக்குள்ளிருந்து பேசுவது போன்ற கீச்சுக் குரலே எழும். "பழைய தட்டு அப்படித்தான்" என்று பலரும் அதனை ஒதுக்கிவிடுகின்றனர்.

எமது பாடசாலையில் உயர்தர வகுப்புப் பௌதிக மாணவர் செயற்பாட்டு விரியலாக்கியைப் பாடத்திற் படிக்கின்றனர். அவர்களுட் சிலரைச் சேர்த்துக்கொண்டு நாம் ஒரு முன்விரியலாக்கியைச் செய்தோம். எமது பங்கு வாசித்துச் சொல்வதும் தேநீர் வாங்குவதுமே என்று மாணவர் கூறுவர், பெரிதும் உண்மை. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய என்ஈ 5532 என்னும் சில்லு ஒன்று. 9 வோல்ற்றுப் பற்றரி இரண்டு. வெற்று பிஸ்கற் தகரம் ஒன்று. பற்றரி, மின்னிணைப்பின் உறுமலைத் தவிர்ப்பதற்கு. தகரம், வெளியிலிருந்து நுழையும் இரைச்சலைத் தடுப்பதற்கு. காந்த ஊசித்தலை தரும் அழுத்தம் 5 மில்லிவோல்ற்று அளவினதே; அதனை 47 கிலோ ஓம் தடையிற் பெற்று, 1000 ஹேட்ஸில் நூறு மடங்காக்க வேண்டும். 7.5 கிலோ ஓம் தடையியும் 10 நனோபரட் கொள்ளளவியும் பெருக்கினால் 75 மைக்கிரோ செக்கன் வரும் என்று ஒரு மாணவி சட்டென்று கணித்துவிட்டாள். ஆனால் அவ்வாறு தனித்தனியே பெருக்குவது போதாது. ஒரே வலையில் தொடுக்கும்போது ஓருறுப்பு மற்றதன் கணக்கைக் கலைக்கும். கனடாவின் வாட்டலூப் பல்கலைக்கழகத்து ஸ்ரான்லி லிப்ஷிட்ஸ் 1979இல் இதற்குரிய சரியான சமன்பாடுகளை வெளியிட்டு, அதுவரை அச்சில் வந்த சுற்றுக்கள் பல பிழையானவை என நிறுவினார். அச்சில் வந்தது யாவும் சரியென்று நம்பும் மாணவருக்கு இதனினும் சிறந்த மருந்து உண்டோ? கடையிற் கிடைக்கும் பெறுமானங்களைப் பக்கம் பக்கமாகத் தொடுத்து வேண்டிய எண்ணை அண்மித்தோம்.

முதலில் வைத்தது கருநாடக இசை நெட்டிசைத்தட்டு ஒன்று. மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் கேட்டுப் பழகிய தட்டு அது. அன்று தொப்பி பேசியது. தம்புராவும் இருப்பது தெரிந்தது.

சிக்கல் தொடங்கியது 78 சுற்றுத் தட்டில். அதன் தவாளிப்பு அகன்றது. வினைலுக்குரிய ஊசி அடியிற் கிடந்து உழலும். ஏறத்தாழ மூன்று மடங்கு பருத்த முனை வேண்டும். அதனைப் பெற்ற பின்னரும், 1954ஆம் ஆண்டு வளைகோடு 1930ஆம் ஆண்டுத் தட்டுக்குப் பொருந்தாது. குழல்வழிப் பதிவான முந்திய தட்டுக்களுக்கோ எந்த வளைகோடும் வகுக்கப்படவில்லை. சுற்றிலே ஆளிகள் சேர்த்தோம். ஒவ்வோர் ஆளிக்கும் குரல் மாறியது. "சேர், இதில் எது உண்மையான குரல்?" என்று மாணவர் கேட்டனர். தமிழ் கற்றவனுக்கு இக்கேள்வி பழக்கமானது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது செல்லரித்த ஏடுகளின் முன்னால் இருந்து இதே கேள்வியையே கேட்டிருப்பார். பிரதிக்குப் பிரதி பாடம் வேறு. எழுதினோனின் வழக்கம் அறியாமற் சரியான பாடத்தைத் தெரிதல் இயலாது. தட்டும் ஓர் ஏடே. வெட்டிய கொம்பனியின் வழக்கமும் ஆண்டும் அறிந்தே ஆளியைத் திருப்ப வேண்டும். முன்விரியலாக்கி செய்வது பதிப்பாசிரியரின் வேலை. இரைச்சல் முழுவதையும் கணினியாற் கழுவி, அதனோடு சகரத்தின் உரசலையும் கழுவிவிடும் இன்றைய 'தூய' பிரதிகள், ஏட்டிலே புரியாத சொல்லை வெட்டிவிட்டு அச்சிட்டவர்களின் பரம்பரையைச் சேர்ந்தவை என்போம்.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தமையை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம், நினைவுகூரவே வேண்டும். அதன் பின்னர் இடம்பெயர்வுகளிலும் குண்டுவீச்சிலும் வீடுகளோடு அழிந்த தட்டுக்களை எண்ணியவர் எவருமில்லை. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தட்டுக் களஞ்சியத்தை நம்பி ஏனையோர் வாளாவிருத்தல் முறையன்று. சந்தையையும் நம்ப இயலாது. புதிய தட்டுக்களை வெட்டுவதற்கான லக்கர் பூசிய மூலத்தட்டைச் செய்த ஆலைகள் உலகில் இரண்டே முதன்மையாக இருந்தன. அவற்றுள் ஒன்றாகிய கலிபோர்னியாவின் அப்பலோ மாஸ்ரேர்ஸ் 2020 பெப்ரவரியில் தீக்கிரையாயிற்று. மற்றது யப்பானில் உள்ளது. வசதியுள்ளோரின் வரவேற்பறை அலங்காரமாகத் திரும்பி வந்திருக்கும் தட்டின் அடித்தளம் இத்தகையது.

வரும் தவணை விடுமுறையில் மாணவர் அயற்கிராமங்களிற் பழைய தட்டுக்களைத் தேடிச் செல்ல எண்ணியுள்ளனர். அவர்களுக்கு எழுதிக் கொடுத்த குறிப்பை வாசகர்க்கும் தருகிறோம். தட்டுக்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தல் கூடாது. நிறுத்தி வைக்க வேண்டும். முகப்புத்தாள் உரிந்திருந்தால், அதனைச் சூழவுள்ள வெற்றிடத்தைச் சாய்ந்த ஒளியிற் பார்த்தால் வெட்டும்போது பொறித்த எண் தெரியும். அதனை முதலிற் குறித்துக்கொள்ள வேண்டும். உறையில் வீட்டார் பேனையால் எழுதிய பெயரும் திகதியும் இருப்பின் உறையையும் கேட்டு வாங்க வேண்டும். வினைல் தட்டை மதுசாரம் சிறிது கலந்த நீராற் துடைப்போர் உளர். 78 சுற்றுத் தட்டை அவ்வாறு துடைக்கவே கூடாது. அரக்கு மதுசாரத்திற் கரையும்.